இருபது மீட்டர் காடா துணி

முதல் நாள், செவ்வாய் இரவு

விடியற்காலையில் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்கினேன். ஆடி மாதம் என்பதால்தான் கிளம்ப முடிந்தது. ஆடியில் தையல் கடைக்கு வேலை குறைவு. ஆவணி முகூர்த்த ரவிக்கைகள் மாதக் கடைசியில்தான் வந்து குவியும். அதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

வந்த காரணம் ஒரு சட்டைக்கை. அண்ணன் மகள் தரமணியில் நிஃப்ட் என்கிற ஃபேஷன் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள், மூன்றாம் வருடம். போன வாரம் போனில், "அத்தை, ஒரு கை உட்காரவே மாட்டேங்குது. நாலு தடவை வெட்டிட்டேன். நீங்க வந்து பாத்தா தேவலை" என்றாள்.

நாலு தடவை. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் என்னோடேயே இருந்தது. 22 வருடமாகத் தைக்கிறேன். ஒரே கையை நாலு தடவை வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வருகிறவர்கள் 80 சென்டிமீட்டர் துணி கொண்டு வருவார்கள். சிலர் அதிலும் ஒரு பக்கம் கரை வைத்த துணியாகக் கொடுத்து, முழங்கை வரை கை வேண்டும் என்பார்கள். சாக்பீஸால் கோடு போட்டு, சாமியைக் கும்பிட்டு, ஒரே வெட்டு. அவ்வளவுதான்.

பைக்குள் இரண்டு சேலை, ஒரு டேப், என் 10 அங்குலக் கத்திரிக்கோல். காகிதம் வெட்டக்கூட அதை யாரிடமும் கொடுத்ததில்லை. எழும்பூரிலிருந்து பார்க் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தேன். தரமணியில் அண்ணன் மகள் பாப்பா காத்திருந்தாள். கை மெலிந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் குண்டூசிக் குத்து. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. இந்தக் குத்து எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இரண்டாம் நாள், புதன்

பாப்பாவும் இன்னொரு பெண்ணும் தங்கியிருக்கும் அறையில் கட்டிலைவிடப் பெரிய மேசை. மூலையில் தலையும் கையும் இல்லாத டிரஸ் ஃபார்ம் பொம்மை, ஆளுயரத்தில். சுவரில் கயிறு கட்டி, மேல்சட்டைகள் தொங்குகின்றன. எல்லாம் காடா துணி. வெளுக்காத, சாயம் போடாத, கஞ்சி மணக்கும் அதே காடா. எங்கள் ஊரில் அதை வடிகட்டவும் மெத்தை உறைக்கும்தான் வாங்குவோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண்: 1, 2, 3, 4.

"நல்ல துணியை வெட்டறதுக்கு முன்னால இதுல தச்சுப் பாத்துடணும் அத்தை. தப்பு எல்லாம் இதுலயே தீந்துரணும்" என்றாள்.

நான் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் விரித்தேன். ஒன்றில் தோள் கால் அங்குலம் பின்னால் போயிருந்தது. இரண்டில் அதைச் சரிசெய்திருக்கிறாள். ஆனால் கை வந்து சேரும் கைக்குழியில் சுருக்கம். மூன்றில் சுருக்கத்தை எடுக்கப் போய், கை குழாய் மாதிரி விறைத்து நிற்கிறது. நான்கு பார்க்க அழகாக இருக்கிறது. கையைத் தொங்கவிட்டால் ஒரு மடிப்பு கிடையாது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னேன். மொத்தச் சட்டையும் இடுப்பை விட்டு நாலு விரல் மேலே ஏறியது.

"இதான் அத்தை."

எனக்கும் உடனே விடை தெரியவில்லை. ஊரில் 'கை பிடிக்கிறது' என்று யாராவது வந்தால் கைக்குழியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பேன். அதைத்தான் பாப்பா இரண்டாவதிலும் மூன்றாவதிலும் செய்திருக்கிறாள். தளர்ந்திருக்கிறது, ஆனால் குணமாகவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி மடித்து வைத்தேன்.

மனதை அந்தக் கையைவிட அதிகம் பிடித்தது அந்த எண்கள்தான். நிஃப்ட், மத்திய அரசு 1986-ல் டெல்லியில் தொடங்கிய நிறுவனம். சென்னைக்கு 1995-ல் வந்தது. நான் மெஷினில் உட்காரத் தொடங்கியபோதே இங்கே ஒரு கூட்டம் காடா துணியில் தப்பு செய்து பழகிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

கடை போட்ட இரண்டாம் வருடம் ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கை. சேலையோடு ஒட்டி வந்த துண்டு. அந்த நிறத்தில் வேறு துணி உலகத்திலேயே கிடையாது. கரை போதாததால் துணியை இரட்டையாக மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு கையாக வெட்டினேன். தைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன், இரண்டும் இடது கை. முன்வளைவு பின்வளைவைவிட அரை அங்குலம் ஆழம் என்பது தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்; ஒரு கையை மாற்றி வைத்து ஒப்பேற்ற முடியாது. அன்று இரவு முழுக்க அழுதேன். மறுநாள் மதுரை போய், ஏறக்குறைய ஒத்துவரும் பட்டு என் கைக்காசில் வாங்கி, மன்னிப்புக் கேட்டுத் தைத்துக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து தெரிந்ததை மட்டுமே வெட்டுகிறேன். எனக்கு ஒரு ஆசை உண்டு. எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக் கட்டத்தைக் கிராஸில் வெட்டி, முதுகு நடுவில் கட்டமெல்லாம் கூர் கூராக வந்து சேரும்படி ஒரு ரவிக்கை. நாற்பத்தைந்து பாகையில் துணியைத் திருப்பினால்தான் அது வரும். அப்படித் திருப்பினால் 80 சென்டிமீட்டர் போதாது, துணி இழுபடும், தோள் தொங்கும். பதினைந்து வருடமாக மனதில் தைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் பாப்பாவிடம் வாய் விட்டுச் சொன்னேன். அவள் ஒரு தாளை எடுத்து உடனே வரைய ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள், வியாழன்

பாப்பாவுக்கு வகுப்பு. நான் மட்டும் திருவான்மியூரில் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளிக்குப் போனேன். நடனம் பார்க்கப் போகவில்லை. நடன உடையை இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டு வந்ததில், அதைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்குப் பெரும் பங்கு என்று எங்கோ படித்திருந்தேன். அதை ஒரு தையற்காரியாகப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணம்.

ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறில் முதன்முதலாக மேடையேறினார். மறு வருடம் கலாக்ஷேத்திரா தொடங்கியது. அதற்கு முன்னால் ஆடியவர்கள் பெரும்பாலும் சேலையையே ஆட்டத்துக்குத் தோதாகக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். இவர் கோயில் சிற்பங்களைப் பார்த்தார். ஓர் இத்தாலியத் தையற்காரப் பெண்மணியின் துணையோடு சேலையைத் தைத்த உடையாக மாற்றினார். அந்தப் பெண்மணியைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கிருந்தோ வந்து, அடையாறு வெயிலில் உட்கார்ந்து, காஞ்சிப் பட்டை முதன்முதலில் கத்திரிக்கோலால் தொட்டபோது அவருக்குக் கை நடுங்கியிருக்குமா? எனக்கு நடுங்கும். முழுச் சேலையை வெட்டுவது லேசான காரியமில்லை.

அந்த உடையின் சூட்சுமம் விசிறியில் இருக்கிறது. இரண்டு காலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக வைத்த துணி. நின்றால் மூடிக்கொள்ளும், முட்டியை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தால் விரியும். கரை மடிப்பின் விளிம்பில் விழவேண்டும். இல்லாவிட்டால் விரியும்போது ஜரிகை தெரியாது. அதனால் நின்ற அளவை மட்டும் வைத்து இதை வெட்ட முடியாது. அரைமண்டியில் இருக்கும்போது இடுப்புக்கும் முட்டிக்கும் என்ன தூரம் என்பதுதான் கணக்கு. ஆடை, உடம்பு அசையும்போது என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. நான் இத்தனை வருடம் எல்லோரையும் நேராக நிற்க வைத்தே அளவு எடுத்திருக்கிறேன்.

மரத்தடி வழியாக நடக்கும்போது தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தம். ஒரு குடிலில் பெண்கள் பருத்திச் சேலையும் ரவிக்கையுமாகப் பயிற்சியில் இருந்தார்கள். தூரத்தில் நின்றே பார்த்தேன். கைகளைத் தோள் உயரத்துக்கு நீட்டி நாட்டியாரம்பம். எவ்வளவு நேரமோ அப்படியே. ஒருத்தியின் ரவிக்கையும் மேலே ஏறவில்லை! கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். கைக்குழி அக்குளை ஒட்டி உயரத்திலேயே இருக்கிறது. இறக்கமே இல்லை. கைத்துணியின் உச்சி வளைவு தணிவாக, கை அகலமாக.

அங்கேயே நின்று கையை நீட்டிப் பார்த்தேன். கைக்குழி கீழே இறங்கியிருந்தால், கை தூக்கும்போது அது பக்கத் துணியையும் சேர்த்து இழுக்கும். உயரத்தில் இருந்தால் கை மட்டும் தனியாக எழும். பிடிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் இறக்கி இறக்கிக் கொடுத்தது முழுவதும் தலைகீழ் வைத்தியம். ரவிக்கை கொடுத்த எத்தனை பேர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

நெசவுப் பிரிவையும் பார்த்தேன். 1937-லேயே தொடங்கியது. பழைய காஞ்சிபுரம் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடி எடுத்து மறுபடி தறியேற்றியவர் ருக்மிணி தேவி. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இழை கொண்டுபோகும் நாடா மூன்று ஓடவேண்டும். கரை இழை ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் இழையோடு கோத்துக்கொள்ள வேண்டும். அங்கே துணியில் கையால் படம் தீட்டும் கலம்காரியும் உண்டு. அதற்குக் கமலாதேவி சட்டோபாத்யாய் துணை நின்றார். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் நொதித்த கறுப்பால் கோடு போடுகிறார்கள். பால் எதற்கு என்றால், கோடு கசியாமல் இருக்க. கோடு கசியாமல் இருக்க எத்தனை தலைமுறை துணி வீணாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன்.

இரவு ஐந்தாவது காடா. கைக்குழியை முக்கால் அங்குலம் ஏற்றினோம். உச்சி வளைவைத் தணித்தோம். பாப்பா கையைத் தூக்கினாள். சட்டை ஒரு விரல் ஏறி நின்றது. நாலு விரல், ஒரு விரலானது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான்காம் நாள், ஆடி வெள்ளி

தி.நகர். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஆகாய நடைபாதை வழியாக வந்தோம். ரங்கநாதன் தெருவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை எல்லோரும் அறிவார்கள்.

மேட்சிங் கடை ஒன்றில் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைக்கான டூ பை டூ துணி, நிறம் நிறமாக. சேலை முந்தானையை நீட்டினால், கடைப் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி, சரியான துணிச் சுருளை உருவுகிறான். மூன்று பச்சைகளுக்கு நடுவே நான்காவது பச்சை. பாப்பாவுக்கு நிறத்துக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. இந்தப் பையனுக்கு அந்தப் பாடம் கண்ணிலேயே இருக்கிறது.

ஒரு மாடியில் ஆரி எம்ப்ராய்டரி வேலை பார்த்தோம். டிரேசிங் தாளில் பூக்கோலம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை குத்தி, அதைத் துணியில் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தேய்க்கிறார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளிக்கோலம். வேலை செய்தவர்கள் வங்காளத்துப் பிள்ளைகள். மேலே ஊசி குத்துகிறது, கீழே இடது கை நூலை மாட்டிவிடுகிறது. கண் பார்ப்பது மேலே மட்டும். கீழ்க்கையை யாரும் பார்ப்பதில்லை.

மாலையில் பாப்பா வினோ சுப்ரஜா என்கிற வடிவமைப்பாளரைப் பற்றிச் சொன்னாள். வந்தவாசிக்காரர். பவானி ஜமக்காளத்தைப் பைகளாகவும் உடைகளாகவும் ஆக்கி லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்குக் கொண்டு போனவர். பவானி நெசவாளர் ஒருவரையும் தன்னோடு அந்த மேடையில் நடக்க வைத்தவர். அந்தப் படத்தைப் போனில் காட்டினாள். நான் ரொம்ப நேரம் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் விரிக்கிற ஜமக்காளக் கோடு. அவரும் இதைச் சரியாக்க எத்தனை துண்டு வெட்டினாரோ.

ஐந்தாம் நாள், சனி

இன்று என் நாள்.

நான் கண்டாங்கி கட்டிக்கொண்டேன். அரக்கில் மஞ்சள் கட்டம். எழும்பூரிலிருந்து பாரிமுனை போகும் வழியில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிச் சுற்றினோம். 1734-ல், ஆளுநர் பிட் காலத்தில், கம்பெனிக்காரர்கள் நூற்பவர், நெய்பவர், துணிக்கு வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் எல்லோரையும் கூவம் வளைவில் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் இப்படித் திரிந்தது என்பார்கள். நாங்கள் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் கேட்கவில்லை. மீன் மார்க்கெட் சத்தம்தான்.

ஆனால் கட்டம் போட்ட பருத்திக்கு உலகத்தில் இன்றும் 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். 1958-ல் அமெரிக்க வியாபாரி ஒருவர் அந்தத் துணியை வாங்கிப் போனார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணன் நாயர்தான் விற்றவர். குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்க வேண்டும் என்ற விவரம் அங்கே உடுத்தியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடி, கட்டமெல்லாம் ஒன்றில் ஒன்று கலந்துவிட்டது. பெரிய தகராறு. கடைசியில், சாயம் ஓடும் என்று உத்தரவாதம் தருகிறோம் என்றே விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் துணி என்று இளைஞர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். பாப்பா இதை வகுப்பில் படித்திருக்கிறாள். எனக்கோ, எங்கள் வீட்டில் சாயம் ஓடிய கண்டாங்கியைப் பாட்டி ஒரு நாளும் தூக்கிப் போட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. பழசாக ஆக அது தனி நிறம்.

அப்புறம் கோடவுன் தெரு. நடக்க இடமில்லை. தலைச்சுமைக்காரர்கள் வழி கேட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். இருபுறமும் லைனிங், பாப்ளின், கேம்ப்ரிக், வாயில், கிரேப். ஒரு கடையில் காடா கேட்டேன்.

"எத்தனை மீட்டர்மா?"

"இருபது."

"தலையணை உறைக்கா?"

"தைச்சுப் பாக்க."

கடைக்காரர் பெரியவர். ஒன்றும் சொல்லாமல் மூன்று துணிச் சுருள் எடுத்துப் போட்டார். பன்னா, அதாவது அகலம், ஒவ்வொன்றும் வேறு. இரண்டு இழையை உருவி, முறுக்கிப் பார்த்து, "பருத்தி ரவிக்கைக்குன்னா இந்தக் கனம் சரியா இருக்கும், போனதும் ஊறப் போட்டுடுங்க, சுருங்கும்" என்றார். அளக்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கை அதிகமாகவே விட்டார். என் காசில், என் வேலைக்கென்று, கெடுப்பதற்காகவே வாங்கிய துணி இதுதான் முதல்.

ஊறப்போட்டுக் காயவைக்கப் பொறுமையில்லை. ஆறு மீட்டரை மட்டும் தனியாக எடுத்து, அறையில் விரித்துப் பென்சிலால் கட்டம் வரைந்தோம், கண்டாங்கிக் கட்டத்தின் அளவிலேயே. குறுக்காகத் திருப்பினேன். கத்திரிக்கோலை வைத்தேன். கை ஒரு நிமிடம் நின்றது. பாப்பா ஒன்றும் பேசாமல் இருந்தாள். வெட்டினேன்.

ஒன்று: முதுகில் கூர் சேரவில்லை, ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. இரண்டு: கூர் சேர்ந்தது, தோள் தொங்கிவிட்டது, கிராஸ் துணி தன் எடையிலேயே இழுபடும் என்பதைக் கையால் தெரிந்துகொண்டேன். வெட்டியதை இரவு முழுக்கத் தொங்கவிட்டு, இழுபடுவது இழுபட்ட பிறகு மறுபடி அளவு பார்க்க வேண்டும் என்றாள் பாப்பா. இது எனக்குத் தெரியாது. தோள் ஓரத்தில் நேர்நூலில் (குறுக்காக இல்லாமல் இழை ஓடும் பக்கமாக) வெட்டிய ஒரு பட்டி வைத்துத் தைத்தால் பிடித்து நிற்கும் என்றேன். இது அவளுக்குத் தெரியாது.

மணி இரண்டாகிறது. மூன்றாவது, கயிற்றில் தொங்குகிறது.

ஆறாம் நாள், ஞாயிறு, ரயிலில்

காலையில் இறக்கிப் பார்த்தோம். கீழ் ஓரம் ஒரு பக்கம் அரை அங்குலம் நீண்டிருந்தது. அதை வெட்டி, தோளுக்குப் பட்டி வைத்து, கைக்குழியை உயரத்திலேயே விட்டுத் தைத்தேன். போட்டுக்கொண்டு திரும்பி நின்றேன். பாப்பா முதுகைப் படம் எடுத்துக் காட்டினாள். மேலே இரண்டு கூர் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது நூலளவு விலகியிருக்கிறது. கையைத் தூக்கினேன். இடுப்பு அசையவில்லை.

"நாலாவதுல வந்துரும் அத்தை" என்றாள். பென்சிலை எடுத்து ஓரத்தில் 3 என்று எழுதி, மடித்துப் பையில் வைத்தாள். அவளுடைய ஐந்தாவது காடாவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆவணிக்கு முன்னால் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தக் கைக்குழியைக் காட்டியாக வேண்டும்.

விழுப்புரம் தாண்டியாயிற்று. எதிர் இருக்கை அம்மா, பையில் என்ன, திரைத்துணியா என்று கேட்டார். இல்லை, ரவிக்கை வெட்டிப் பார்க்க என்றேன். பதினான்கு மீட்டர் மிச்சமிருக்கிறது. வீடு போய்ச் சேர நடு இரவு நெருங்கிவிடும். படுக்கும் முன் ஊறப் போட்டுவிட வேண்டும்.